மயிலைக் கரையில் தங்கிய மேலைநாட்டுத் துறவி

மயிலாப்பூர் என்றவுடன் சமணராகிய நம் நெஞ்சில் முதலில் எழுவது நேமிநாத தீர்த்தங்கரரின் திருவுருவமே. குணவீர பண்டிதர் தாம் இயற்றிய இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயர் சூட்டியது அப்பெருமான்பால் கொண்ட பக்தியினாலாகும். அவிரோதி ஆழ்வார் திருநூற்றந்தாதி பாடியதும் மயிலை நேமிநாதர் மீதேயாம். கடல் கரையை மேவி வந்த காலத்தில் அத்திருவுருவத்தை நம் முன்னோர் மேல்சித்தாமூருக்கு எடுத்துச் சென்று காத்தனர் என்பது நாம் வழிவழியாகக் கேட்டு வரும் செய்தி.

அந்த மயிலைக் கரைக்கு 1291-ஆம் ஆண்டளவில் மேலைநாட்டிலிருந்து ஒரு கிறித்தவத் துறவி வந்து சேர்ந்தார். பதின்மூன்று மாதங்கள் இம்மண்ணில் தங்கினார். பின்னர்ச் சீனத் தலைநகருக்குச் சென்று, அங்கு முப்பதாண்டுகளுக்கு மேல் அறவுரை கூறி, அங்கேயே உயிர் நீத்தார். உலக வரலாற்று ஆசிரியர்கள் நன்கறிந்த அவர் பெயர் மொந்தேகொர்வினோ யோவான் என்பதாகும்.

பிற சமயத் துறவியின் வரலாறு நம் இதழுக்கு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவலாம். பிறர் நோக்கினையும் ஆராய்ந்து ஏற்பதைக் கொள்வது அநேகாந்தம் கற்ற நமக்கு இயல்பு. அதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. துறவியின் உழைப்பு எதனால் நிற்கிறது, எதனால் அழிகிறது என்னும் வினாவிற்கு இவர் வாழ்வு தெளிவான விடை தருகின்றது. தொகையில் சிறுத்துள்ள நம் சமுதாயத்திற்கு அவ்விடை இன்றியமையாதது.

இரந்துண்ட துறவியர்

யோவானின் வாழ்வை அறிய வேண்டுமாயின் அவர் சார்ந்த சபையை முதலில் அறிதல் வேண்டும். இத்தாலி நாட்டு அசிசி நகரில் துணி வணிகர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தவர் பிரான்சிஸ். தந்தையின் செல்வத்தைத் துறந்து, உடுத்த உடையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வறுமையையே தம் வாழ்வாக ஏற்றவர் அவர். 1209-ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் வாய்மொழி இசைவோடு அவருடைய சபை தோன்றியது. 1223-ஆம் ஆண்டில் அதன் ஒழுங்குகள் எழுத்து வடிவில் உறுதி பெற்றன. 1226-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் மறைந்தார்.

அதுவரை மேலைநாட்டுத் துறவியர் பெரும்பாலும் மடங்களின் மதில்களுக்குள் வாழ்ந்தனர். மடங்களுக்கு நிலமும் விளைச்சலும் இருந்தன. பிரான்சிசின் சீடர்களோ காசைக் கையால் தீண்டலாகாது, வீடும் நிலமும் உடைமையாகக் கொள்ளலாகாது, உழைத்தும் இரந்தும் உண்ணுதல் வேண்டும் என்னும் நெறியினர். ஊர்ச் சந்தையிலும் தெருமுனையிலும் நின்று மக்கள் பேசும் மொழியிலேயே அறம் உரைத்தனர். பொருளைத் துறந்து ஊர் ஊராக நடந்து, இல்லறத்தார் இடும் உணவைக் கொண்டு உயிர் தாங்கும் நம் முனிவர்களை இவ்விடத்தில் நாம் நினையாதிருத்தல் இயலாது. எனினும் உணவு நெறியில் வேற்றுமை உண்டு. தம் முன் வைத்ததை உண்ணலாம் என்பது அவர்கள் ஒழுங்கு. ஊன் விலக்கும் நம் விரதம் அவர்களிடம் இல்லை. ஒப்புமை காணும்போது வேற்றுமையை மறைப்பது அறமன்று.

துறவு பூணாத இல்லறத்தார்க்கும் பிரான்சிஸ் வழி வகுத்தார். கணவனும் மனைவியும் மக்களும் சூழ வீட்டிலிருந்தபடியே தவ வாழ்வு வாழ விரும்பினோர்க்கு 1221-ஆம் ஆண்டில் விதிகள் தொகுக்கப்பெற்றன. எளிய உடை உடுத்தல், குறித்த நாட்களில் நோன்பு நோற்றல், கொலைக்கருவி ஏந்தாமை, நாள்தோறும் குறித்த வேளைகளில் வழிபடல் ஆகியவை அவ்விதிகளுள் அடங்கும். எழுத்தறியாதவர் நூலைப் படிப்பதற்கு மாற்றாக, இயேசு கற்பித்த சிறிய மன்றாட்டினைக் குறித்த எண்ணிக்கையில் சொன்னால் போதும். ஐந்து அணுவிரதங்களையும், நாள்தோறும் உருவேற்றும் பஞ்ச நமஸ்காரத்தையும் அறிந்த நமக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். பாமரர்க்கும் கைக்கெட்டும் அளவில் அறத்தை இறக்கி வைத்த ஏற்பாடு இது.

கண்ணால் காட்டிக் கற்பிக்கும் முறையையும் பிரான்சிஸ் கையாண்டார். 1223-ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் சிற்றூரில், இயேசு பிறந்த இரவைக் கொண்டாடும்போது வைக்கோல் பரப்பிய தொட்டியையும், உயிருள்ள எருதையும் கழுதையையும் கொண்டு வந்து நிறுத்தினார். நூலறிவில்லாத உழவரும் அக்காட்சியைக் கண்டு பொருள் உணர்ந்தனர். இந்த முறை யோவானின் வாழ்விலும் பின்னர்த் தோன்றுவதைக் காண்போம்.

இளமையும் பயணமும்

யோவான் 1247-ஆம் ஆண்டளவில் தென் இத்தாலியில் பிறந்தார். 1272-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் எட்டாம் மிக்கேல், போப்பாண்டவர் பத்தாம் கிரெகோரிக்குத் தூது விடுத்தபோது அத்தூதினை ஏற்றுச் சென்றவர் இவரே. இருபத்தைந்து வயதளவிலேயே அரசரின் நம்பிக்கைக்கு உரியவராய் விளங்கினார் என்பது இதனால் தெரிகின்றது. பின்னர்ப் பாரசீக நாட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் பணியாற்றினார். மங்கோலியரின் ஆட்சி அன்று பாரசீகம் முதல் சீனம் வரை பரவியிருந்தது.

1289-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பிய யோவானைப் போப்பாண்டவர் நான்காம் நிக்கோலாஸ், மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானுக்கு எழுதிய மடலோடு மீண்டும் கீழ்த்திசைக்கு அனுப்பினார். அந்நிக்கோலாசும் பிரான்சிஸ்கன் சபையினரே. அச்சபையிலிருந்து போப்பாண்டவர் பதவி ஏற்ற முதல்வர் அவர்.

1291-ஆம் ஆண்டில் யோவான் பாரசீகத்துத் தப்ரீஸ் நகரை விட்டு நீங்கினார். உடன் வந்தோர் இருவர். ஒருவர் டொமினிக்கன் சபையைச் சேர்ந்த துறவி, பிஸ்தோயா நகர் நிக்கோலாஸ். மற்றவர் துறவியல்லர்; லுக்காலொங்கோ ஊர்ப் பேதுரு என்னும் வணிகர். இந்த வணிகரை அன்பர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம். இவ்வரலாற்றில் இவர் மீண்டும் வருவார்.

மயிலையில் பதின்மூன்று மாதம்

கடல் வழியாக இந்தியா வந்த யோவான், இயேசுவின் சீடர் தோமாவின் பெயரால் விளங்கிய மயிலைத் தேவாலயத்தைச் சார்ந்து பதின்மூன்று மாதங்கள் இந்நாட்டில் தங்கினார். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் அரசோச்சிய காலம் அது. அராபிய வணிகர் இக்கடற்கரையை மாபார் என வழங்கினர். சாந்தோமில் நாம் இன்று காணும் உயர்ந்த கோபுரத்துத் தேவாலயம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. யோவான் கண்டது அதனினும் மிகப் பழமையான, எளிய ஆலயம்.

இம்மண்ணில் அவர் ஓர் இழப்பினை அடைந்தார். உடன் வந்த துறவி நிக்கோலாஸ் இங்கேயே நோயுற்று இறந்தார். மயிலைத் தேவாலயத்திலேயே அவருடலை அடக்கம் செய்தனர். தாய்நாட்டிலிருந்து பல ஆயிரம் கல் தொலைவில், தன்னையொத்த துறவி ஒருவரும் இல்லாமல் யோவான் தனித்து நின்றார்.

இங்கிருந்து அவர் எழுதிய மடல் ஒன்று இத்தாலி சென்று சேர்ந்தது. நம் முன்னோர் வாழ்வை மேலைநாட்டார்க்கு அறிவித்த பழைய எழுத்துகளுள் அதுவும் ஒன்று. இங்கே குளிர்காலம் இல்லாமையையும், பருவக்காற்றின் திசைக்கேற்பக் கப்பல்கள் போக்குவரவு செய்வதையும், மரக்கலங்களின் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பதையும் அவர் குறித்துள்ளார். மக்கள் ஓலையில் எழுதுவதும், பசுவை வழிபட்டு அதன் ஊனை உண்ணாமையும் அவருக்கு வியப்பளித்தன. கரண்டியின்றிக் கையால் அள்ளி உண்ணும் நம் வழக்கம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. புதிய நாட்டிற்குச் செல்வோர் தம் ஊர் வழக்கத்தையே அளவுகோலாகக் கொள்ளுதல் எக்காலத்தும் உள்ளதே.

பல்வேறு இடங்களில் ஏறத்தாழ நூறு பேருக்கு அவர் ஞானஸ்நானம் அளித்தார். பின்னர்ப் பயணத்தைத் தொடர்ந்தார். அந்நூறு பேருக்குத் தொடர்ந்து கற்பிக்க அவருடைய சபையினர் எவரும் இங்கு அமரவில்லை. முப்பதாண்டு கடந்து, 1320-களின் தொடக்கத்தில் ஒதோரிக் என்னும் பிரான்சிஸ்கன் துறவி மயிலைக்கு வந்தார். தேவாலயத்தை அடுத்து நெஸ்தோரியக் கிறித்தவர் வீடுகள் பதினைந்து அளவே இருந்தன என எழுதினார். நெஸ்தோரியர் பாரசீகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட வேறு பிரிவினர். யோவானின் நூறு பேரைப் பற்றி அவர் நூலில் பேச்சில்லை. விதைத்தவர் பாத்தி கட்டி நீர் பாய்ச்ச ஒருவரை விட்டுச் செல்லாவிடில் பயிர் என்னாகும் என்பதற்கு இது சான்று.

கான்பாலிக் நகரில் தனிமை

1294-ஆம் ஆண்டில் யோவான் கான்பாலிக் நகரை அடைந்தார். இன்றைய பெய்ஜிங் நகரமே அது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே குப்ளாய் கான் இறந்துவிட்டார். அவர் பேரர் தெமூர் அரியணை ஏறியிருந்தார். போப்பாண்டவரின் மடலை யோவான் அவரிடம் அளித்தார். பேரரசர் சமயம் மாறவில்லை எனினும் யோவானை அன்புடன் நடத்தினார்.

எதிர்ப்பு சொந்தச் சமயத்தாரிடமிருந்தே வந்தது. நெஸ்தோரியப் பிரிவினர் அந்நகரில் செல்வாக்குடன் இருந்தனர். இந்தியாவில் உண்மையான தூதரைக் கொன்று அவர் கொண்டு வந்த பொருளைக் கவர்ந்தவர் இவர், இவர் ஓர் ஒற்றர் என்று பழி கூறினர். மயிலையில் நண்பரை மண்ணில் அடக்கிவிட்டு வந்தவர் மீது அந்நாட்டிலேயே கொலை செய்தார் என்னும் பழி விழுந்தது எத்துணைக் கொடியது! ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வழக்கு மன்றங்களுக்கு இழுக்கப்பட்டார். இறுதியில் பழி கூறியோருள் ஒருவரே உண்மையை ஒப்புக்கொள்ள, பேரரசர் பொய்யுரைத்தோரை நாடு கடத்தினார்.

நிக்கோலாஸ் மறைந்த பின் ஏறத்தாழப் பதினோராண்டுகள் தம் குறைகளை எடுத்துரைத்துக் கழுவாய் பெற ஒரு துறவியும் அருகில் இல்லாது வாழ்ந்தார். நம் முனிவர் தம் ஆசாரியரை அணுகிக் குற்றங்களை வெளியிட்டுச் செய்யும் ஆலோசனையையும், பிரதிக்கிரமணத்தையும் அறிந்தோர் இத்தனிமையின் கடுமையை உணர்வர். கொலோன் நகர் அர்னால்டு என்னும் துறவி வந்து சேர்ந்த பின்னரே அத்தனிமை நீங்கிற்று. 1305-ஆம் ஆண்டு எழுதிய மடலில் தமக்கு ஐம்பத்தெட்டு வயது என்றும், ஆண்டுகளைவிட உழைப்பும் துன்பமுமே தலையை நரைக்கச் செய்தன என்றும் அவர் தெரிவித்தார்.

சிறுவர் பள்ளி

இனி நாம் கூறவிருப்பது ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எம்போன்றோர் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதியாகும்.

யோவான் ஏழு முதல் பதினொரு வயது வரையிலான நாற்பது சிறுவர்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். அவர்களை விலை கொடுத்து வாங்கினார் என்பதை இங்கு மறைத்தல் ஆகாது. மனிதரை விற்றலும் வாங்கலும் அந்நகரிலும் இத்தாலியத் துறைமுகங்களிலும் அன்று வழக்கத்தில் இருந்தன. எக்காலத்து வழக்கமாயினும் ஓர் உயிரை விலைப்பொருளாக்குதல் நம் நெறிக்கு ஒவ்வாது. தம் சமயத்தை ஏற்பதா மறுப்பதா எனத் தேர்ந்து கொள்ளும் உரிமையும் அச்சிறுவர்க்கு இல்லை. வாங்கியபின் அவர்களை ஏவலராக்காமல் மாணவராக்கினார் என்பது மட்டுமே அக்கறையைச் சிறிது குறைக்கின்றது.

அச்சிறுவர்க்கு இலத்தீன் எழுத்துகளையும் வழிபாட்டு முறையையும் கற்பித்தார். பாட நூல் இல்லை. ஆகவே திருப்பாடல் ஏடுகள் முப்பதளவும், வழிபாட்டுத் தொகுதிகள் இரண்டும் தாமே எழுதிக் கொடுத்தார். இசைக்குறியிட்ட நூல் இல்லாமையால் செவிவழியாகவே பாடக் கற்பித்தார். நாளின் ஒவ்வொரு வழிபாட்டு வேளைக்கும் மணி ஒலிக்கும். சிறுவர் கூடிப் பாடுவர். நாளடைவில் பதினொரு சிறுவர் முழு வழிபாட்டையும் அறிந்தனர். ஆசிரியர் ஊரில் இல்லாத நாட்களிலும் வழிபாடு தவறாமல் நடந்தது. மாணவர் சிலர் தாமே ஏடுகளைப் படியெடுக்கத் தொடங்கினர். பேரரசரும் அவர்கள் பாடக் கேட்டு மகிழ்ந்தார்.

ஆசிரியர் இல்லாதபோதும் பாடம் நடக்கின்றதா என்பதே நல்ல ஆசிரியர்க்கு உரைகல். அவ்வகையில் யோவான் நல்லாசிரியர். ஏடு படியெடுத்தலின் அருமையையும் நாம் நன்கறிவோம். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் சேர்த்து நான்கு தானங்களாகப் போற்றுவது நம் மரபு. 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே அம்மையார் பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கினார் அன்றோ!

தாம் சென்ற நாட்டின் மொழியையும் எழுத்தையும் யோவான் முயன்று கற்றார். தார்த்தாரியர் மொழியில் புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் பெயர்த்தெழுதினார். படிப்பறியாதோர்க்காகப் பழைய, புதிய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளை விளக்கும் ஆறு படங்களையும் வரைவித்தார். படங்களின்கீழ் இலத்தீன், துருக்கி, பாரசீகம் ஆகிய மும்மொழி விளக்கங்கள் இடம்பெற்றன. கிரேச்சியோவில் பிரான்சிஸ் காட்டிய முறையே சீனத்தில் ஓவிய வடிவம் கொண்டது. நம் திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்திலும் ரிஷபதேவர், வர்த்தமானர் ஆகியோர் வரலாறுகள் ஓவியங்களாக உள்ளன. அவற்றின் அருகே விளக்க வரிகளும் உள்ளன. அறம் கற்பிக்கும் வழி நாடுதோறும் ஒன்றாகவே இருந்திருக்கின்றது.

வணிகரும் ஓர் அம்மையாரும்

காசைத் தீண்டாத துறவியால் கோயில் எழுப்புதல் எங்ஙனம் இயலும்? இல்லறத்தார் கைகொடுத்தலாலேயே இயன்றது.

1299-ஆம் ஆண்டளவில் யோவானின் முதல் தேவாலயம் மணிக்கூண்டுடனும் மூன்று மணிகளுடனும் நிறைவு பெற்றது. ஓங்குட்டு இனத்து அரசர் ஜார்ஜ் நெஸ்தோரியப் பிரிவை விட்டு யோவானைச் சார்ந்தார். இருபது நாள் பயணத் தொலைவிலிருந்த தம் நாட்டில் அழகிய தேவாலயம் ஒன்றை எழுப்பினார். தம் மகனுக்கு யோவான் என்றே பெயரிட்டார். ஆயினும் அவர் இறந்ததும் அவர் உடன்பிறந்தார் மக்களைப் பழைய பிரிவிற்கே திருப்பிவிட்டனர். அரசன் ஒருவனையே தூணாகக் கொண்ட கட்டடம் அவனோடு சாயும்.

1305-ஆம் ஆண்டில் இரண்டாம் தேவாலயம் எழுந்தது. பேரரசரின் அரண்மனை வாயிலை அடுத்து, கல்லெறி தூரத்தில் அதற்கு நிலம் கிடைத்தது. அந்நிலத்தை வாங்கித் தந்தவர் யார் என்று எண்ணுகின்றீர்கள்? தப்ரீசிலிருந்து உடன் வந்த வணிகர் பேதுருவே! 1291-ஆம் ஆண்டில் தொடங்கிய துணை பதினான்கு ஆண்டு கழிந்தும் அறுபடவில்லை. அவர் தம் வாணிகத்தை விட்டுவிடவில்லை. துறவு பூணவும் இல்லை. இல்லறத்தில் நின்றபடியே துறவிக்கு இடம் அமைத்துக் கொடுத்தார். இருநூறு பேர் அமரத்தக்க வழிபாட்டுக் கூடம் அங்கு அமைந்தது. சிறுவரை இரு தேவாலயங்களுக்கும் பகிர்ந்து வைத்து இரண்டிலும் வழிபாடு நிகழச் செய்தார் யோவான்.

இதன் செய்தி மேலைநாட்டை எட்டியதும், 1307-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் ஐந்தாம் கிளெமென்ட் யோவானைக் கான்பாலிக் நகரப் பேராயராக உயர்த்தினார். அவருக்குத் துணையாக ஆயர் எழுவரை அனுப்பினார். அவர்களுள் மூவரே சீனத்தை அடைந்தனர். வழியில் இந்தியாவிலேயே மூவர் இறந்தனர்.

தென்சீனத் துறைமுகமாகிய சைதூன் நகரில், அதாவது இன்றைய சுவான்சோவில், ஆர்மீனிய நாட்டுச் செல்வ அம்மையார் ஒருவர் பெரிய தேவாலயம் ஒன்றைத் தம் பொருளால் எழுப்பினார். அது தொடர்ந்து நடைபெறுதற்கு அறக்கட்டளையும் வைத்தார். துறவியர் பெயர்களையும் அரசர் பெயர்களையும் ஏடுகள் காத்தன; அவ்வம்மையாரின் பெயரைக் காக்கவில்லை. நம் கோயில்களில் விளக்கெரிக்க ஆடு ஈந்த பெண்டிர் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்த நம் முன்னோரின் நன்றியுணர்வை இவ்விடத்தில் நினைந்து போற்றுகின்றோம்.

மறைவும் அதன் பின்னும்

யோவான் 1328-ஆம் ஆண்டளவில், எண்பது வயது கடந்த நிலையில் மறைந்தார். கிறித்தவரும் பிறரும் பெருந்திரளாகக் கூடி அவருடலைக் கொண்டு சென்றனர். அவர் ஆடையின் சிறு துண்டையேனும் பெற்று நினைவாக வைத்துக்கொள்ளப் பலர் முயன்றனர். சமயம் வேறாயினும் தூயவரை மக்கள் அறிந்துகொள்வர் என்பதற்கு அவ்விறுதி ஊர்வலமே சான்று.

அதன் பின் நிகழ்ந்தது துயரமானது. 1368-ஆம் ஆண்டில் மங்கோலியர் ஆட்சி சீனத்தில் வீழ்ந்தது. புதிய மிங் மரபினர் அயல்நாட்டாரை விரும்பவில்லை. யோவானைச் சார்ந்தோருள் மிகப் பலர் அலானியப் படைவீரர், ஆர்மீனியர், இத்தாலிய வணிகர் எனப் பிற நாட்டினரே. ஆட்சி சாய்ந்ததும் அவர்கள் சிதறினர். சீனக் குடும்பங்களின் அடுப்படியிலும் திண்ணையிலும் அச்சமயம் வேர்விடவில்லை. அவர் பெயர்த்தெழுதிய நூல்களும், கட்டிய தேவாலயங்களும், ஒலித்த மூன்று மணிகளும் மறைந்தன. 1342-ஆம் ஆண்டில் யாங்சோ நகரில் இறந்த காதரின் என்னும் இத்தாலிய வணிகர் மகளின் கல்லறைக் கல் 1950-களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. அதில் அவள் பெயர் பூண்ட புனிதையின் வாழ்க்கைக் காட்சிகளைச் செதுக்கியுள்ளனர். மகளை இழந்த ஒரு தந்தையின் பக்தி, பெரிய தேவாலயங்கள் அழிந்த பின்னும் எஞ்சியது.

நமக்கு உரிய பாடம்

நாம் வாழும் வியாசர்பாடியும் அதனையடுத்த பெரம்பூரும் பல சமயத்தார் அண்டையயலாராய் வாழும் பகுதிகள். பெரம்பூர் லூர்து அன்னை தேவாலயத்திற்கு நடந்து செல்லும் பக்தரை நாம் காண்கின்றோம். சற்று வடமேற்கே புழலில் நம் ஆதிநாதர் ஆலயம் உள்ளது. யார் கோயில் பெரிது என்பது இங்கு வினாவன்று. ஒரு கோயிலில் கற்ற அறம் வீட்டிற்கு வந்து சேர்கின்றதா என்பதே வினா.

யோவானின் வாழ்வையும் மயிலை நேமிநாதர் திருவுருவத்தின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவோம். யோவானுக்குப் போப்பாண்டவரின் ஆணை இருந்தது. பேரரசரின் அன்பு இருந்தது. அரண்மனை வாயிலிலேயே கோயில் இருந்தது. எனினும் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளில் யாவும் மறைந்தன. மயிலையில் நம் ஆலயமும் மறைந்தது. ஆனால் திருவுருவம் மறையவில்லை. அதனைத் தோளில் சுமந்து சென்றோர் பெரும்படை உடையோர் அல்லர். உழுதும் வாணிகம் செய்தும் வாழ்ந்த இல்லறத்தார். அவர்கள் வீடுகளில் அறம் இருந்தது. ஆகவே ஆலயம் இடம் மாறியும் வழிபாடு அறுபடவில்லை. இன்றும் நாம் மேல்சித்தாமூர் சென்று நேமிநாதரைத் தொழுகின்றோம். திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தை 1387-ஆம் ஆண்டளவில் கட்டுவித்த இருகப்பரும் அமைச்சராகப் பணியாற்றிய இல்லறத்தாரே.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணரின் தொகை ஒரு இலட்சத்தை எட்டவில்லை. அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் ஒரு பகுதியினரே. நம் பிள்ளைகள் சிற்றூர்களை விட்டுச் சென்னைக்கும், பெங்களூருக்கும், கடல் கடந்தும் செல்கின்றனர். அதனைக் குறை கூறுதல் தகாது. கல்வியும் தொழிலும் அவர்களுக்கு வேண்டும். ஆனால் அவர்கள் எடுத்துச் செல்லும் பெட்டியில் அருங்கலச்செப்பு இருக்கின்றதா? பஞ்ச நமஸ்காரத்தின் பொருள் கேட்டால் சொல்வார்களா? அணுவிரதம் ஐந்தினையும் விரல்விட்டு எண்ணுவார்களா? ஆண்டுக்கொரு முறை தேர்த்திருவிழாவிற்கு வந்து செல்வதால் மட்டும் இவை வந்துவிடா.

மூன்று செயல்களை ஒவ்வொரு குடும்பத்தார்க்கும் பணிவுடன் முன்வைக்கின்றோம். முதலாவது, நாள்தோறும் ஒரு குறித்த வேளை. கால் மணி நேரம் போதும். ஆனால் வேளை தவறலாகாது. கான்பாலிக் சிறுவர்க்கு மணியோசை செய்த பணியை நம் வீட்டு மாலை விளக்கு செய்யட்டும். இரண்டாவது, பிள்ளைகள் தம் கையால் எழுதுதல். வாரம் ஒரு செய்யுளைப் படியெடுக்கும் பிள்ளை அதனை எளிதில் மறவாது. இது வகுப்பறையில் நாம் கண்ட உண்மை. மூன்றாவது, படங்காட்டிக் கதை கூறுதல். திருப்பருத்திக்குன்றத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஓவியங்களின் முன் நிறுத்துங்கள். பாட்டியர் கதை சொல்ல, பிள்ளைகள் மேலே நோக்கிக் கேட்கட்டும்.

துறவியர் நம் ஊருக்கு வரும் காலத்தில் ஆகாரதானம் அளித்துப் போற்றுவது நம் கடமை. அவர்கள் நீங்கிய பின் அவர்கள் உரைத்ததை வீட்டில் நடத்திக் காட்டுவது அதனினும் பெரிய கடமை. இந்நாட்டில் யோவான் ஞானஸ்நானம் அளித்த நூறு பேருக்கு அவர் சென்ற பின் கற்பிக்க ஒருவரும் இல்லை. நம் பிள்ளைகளுக்குத் தாயும் தந்தையும் பாட்டியும் பாட்டனும் இருக்கின்றோம்.

அறம் வளர்க!